கண்ணைக் கட்டிக் கூட்டிப்போன அக்கா

அய்யம்மாள்: …அப்ப நீ ஒத்தையிலதேன் வந்திருக்க.

சடையாண்டி: மல்லி மொட்டப் பறிச்சுக்கிட்டே பேசுவோம்க்கா. வெயிலு ஏறிரும்.

அய்யம்மாள்: பூவு கெடக்கட்டும் தம்பி. எம் மக எங்க? கொடைரோட்டுல ரயில விட்டு எறங்கயில உங்கூட வரலியா?

சடையாண்டி: சொல்றேன்… செத்த பொறு.

அய்யம்மாள்: உன் மச்சான் தையில முகூர்த்தம் வச்சுட்டாரு. கட்டிக்கப் போற தாய்மாமன் போய்க் கூப்பிட்டும் சிவனம்மா வரலன்னா ஊரு என்ன சொல்லும்?

சடையாண்டி: இப்ப மட்டும் என்ன சொல்லுதாம்?

அய்யம்மாள்: மதுர காலேசு ஆஸ்டல்ல அக்கா தங்கச்சி சங்கம்னு ஒண்ணு இருக்காம். பி.யூ.சி. படிக்கப் போன பிள்ளைகள அதுல இழுத்துப் போட்டு கிறிஸ்தவ வேதத்துல சேக்குறாகளாம். கல்யாணமே வேணாம்னு சத்தியம் வாங்குறாகளாம்…

சடையாண்டி: நானும் அப்பிடி நெனச்சுத்தேன் போனேன்.

அய்யம்மாள்: போயி?

சடையாண்டி: விளக்கு வைக்கிற நேரம். வாச்சுமேன் உள்ள விடல. கம்பி வேலிக்கு இந்தப் பக்கமே நின்னேன். உள்ள வேப்பமரத்தடியில அம்புட்டுப் பிள்ளைகளும் வெள்ளச் சீல, ஆளுக்கொரு அகல்… மொதல்ல ஆளு தெரியலக்கா. வெளிச்சம் மட்டும் தனியா நடந்து போற மாதிரி இருந்துச்சு.

அய்யம்மாள்: பேய்க்கத சொல்லாத.

சடையாண்டி: புதுப் பிள்ளைகளுக்குக் கண்ணக் கட்டியிருந்தாக. நம்ம சிவனம்மாளுக்குந்தேன்.

அய்யம்மாள்: அவ இருட்டுனாலே நடுங்குவாளேடா…

சடையாண்டி: வேலியத் தாண்டத்தேன் போனேன். அதுக்குள்ள ஒருத்தி வந்து அவ கையப் பிடிச்சா. சைதூனாம்… திண்டுக்கல் ராவுத்தர் வீட்டுப் பொண்ணு, பி.ஏ. கடைசி வருசம். மரத்தச் சுத்திக் கூட்டிட்டுப் போறா. இவ தடுமாறவே இல்ல… தண்ணியில மெதக்குற மாதிரி போறா.

அய்யம்மாள்: பெறகு?

சடையாண்டி: கட்ட அவுத்துட்டு, மணிக்கட்டுல ஒரு நூலக் கட்டி, ‘இனி நான் உனக்கு அக்கா, படிப்பு முடியிற வரைக்கும் உன்னய விட்டுற மாட்டேன்’னா. அம்புட்டுத்தேன் சத்தியம்.

அய்யம்மாள்: வேதம் கீதம்…

சடையாண்டி: சுண்டல் குடுத்தாக.

அய்யம்மாள்: வெளையாடாத. அவளப் பாத்துப் பேசுனியா இல்லியா?

சடையாண்டி: காலையில பாத்தேன். வாசலுக்கு வந்தா. அந்தச் சைதூனும் பின்னாடியே வந்து நின்னா. ‘மாமா, கூட்டிட்டுப் போக வந்தீகளா’ன்னு கேட்டா…

அய்யம்மாள்: நீ என்ன சொன்ன?

சடையாண்டி: இந்தச் செடியில மொட்டு நெறையக் கெடக்குக்கா.

அய்யம்மாள்: உன்னயத்தேன் கேக்குறேன்.

சடையாண்டி: கட்ட அவுத்தப்ப அவ சிரிச்சாக்கா. நம்ம வீட்டுல அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. எங்கூட இருந்தா அப்பிடிச் சிரிப்பாளா… ராத்திரி பூரா ரயிலடி பெஞ்சுல கெடந்து அதத்தேன் யோசிச்சேன்.

அய்யம்மாள்: சரி… என்ன சொன்ன?

சடையாண்டி: ‘இல்ல தாயி, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்’னுட்டேன். நான் கூப்பிடவே இல்லக்கா. மச்சான் கேட்டா, எனக்குத்தேன் இஷ்டமில்லன்னு சொல்லிரு. பிள்ளைய வையக் கூடாது.

அய்யம்மாள்: நீ கூப்பிட மாட்டன்னு தெரியும்டா. தெரிஞ்சுதேன், அவளக் கூட்டியாரக் கெளம்பி நின்ன உன் மச்சான மறிச்சு, உன்னய அனுப்புனேன்.