எல்லோருக்கும் புரிகிற படம்

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டு என் தூக்கம் போய்விட்டது.

"படத்துல என்ற மூஞ்சிய வரையாம உட்டிருந்தீன்னா, என்ற வேலை தப்பிச்சிருக்கும் சாமி."

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞனின் மடியில் சுருட்டிய சார்ட் ஒன்று இருந்தது. இருவருக்கும் ஒரே கோழிப்பண்ணையில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"பண்ணையில எந்த வேலைக்கு அப்புறம் எதுன்னு மொதல்ல கட்டமும் அம்புமாத்தானுங்க்கா போட்டுக் குடுத்தேன். மொதலாளிக்கு ஒண்ணும் வெளங்கல. யாரு பாத்தாலும் புரியற மாதிரி போடுன்னாருங்க. அதான் கோழி, முட்டை, லாரி, ஆளுங்க மூஞ்சின்னு கலர்ல வரைஞ்சேன்."

"நல்லாத்தான் புரிஞ்சுது அவருக்கு. முட்டை ட்ரேய நானும் எண்றேன், லாரிக்காரரும் எண்றாரு. ஒரே வேலைக்கு ரெண்டு ஆளு எதுக்கு, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்னுட்டாரு."

அவன் சார்ட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தான்.

"எண்றதுக்கா நான் அங்க நிக்கறேன்? கீறல் உட்ட முட்டையப் பாத்துப் பொறுக்கி எடுக்கறேனே. என்ற மூக்குத்தி வரைக்கும் வரைஞ்ச, அதை ஏஞ் சாமி வரையல?"

"மொதப் படத்துல இருந்துச்சுங்க்கா. குழப்பமா இருக்குதுன்னு நாந்தான் எடுத்துப்போட்டேன்."

பஸ் நாமக்கல்லுக்குள் நுழைந்தது.

"காலைல திருத்திக் கொண்டுபோய்க் காட்டறேனுங்க."

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேண்டாஞ் சாமி. இப்பத்தான் அவருக்கு ஒண்ணு புரிஞ்சிருக்குது. மறுக்காக் குழப்புனீன்னா, உன்னையும் நிறுத்திப்போடுவாரு."