சிவப்புக் கொடி பட்டணத்தாருக்குத்தான்

இல்லம்மா, ஞானியும் இல்ல ஒண்ணும் இல்ல. கம்பியில தொங்கற நாற்காலில ஆளுங்கள மலை மேல ஏத்தற லிஃப்ட் ஓட்டறவன். இருபத்தாறு வருஷமா இதே கொட்டகை, இதே பொத்தான் பெட்டி. ஹெஷ்மத்னு பேரு. அத மட்டுந்தான் அந்த லீசா அவ புத்தகத்துல சரியா எழுதியிருக்கா. நீ இங்கருந்து உச்சிக்குப் போற ரெண்டாவது லிஃப்ட்டுக்கா நிக்கிற? அது இன்னைக்கு ஓடாது. சிவப்புக் கொடி ஏத்தியாச்சு பாரு. நேத்து பூரா அடிச்ச காத்து பனிய அள்ளிக் கொண்டுபோய் உச்சியில குமிச்சு வச்சிருக்கு. அது எப்பச் சரியும்னு அதுக்கே தெரியாது. ரோந்துக்காரங்க போய்ப் பாத்துட்டு வந்து கொடிய எறக்குனாத்தான் உண்டு. உள்ள வா, அடுப்பு எரியுது. உன் பனிச்சறுக்குப் பலகைய வெளிய சாத்தி வை, யாரும் எடுக்கமாட்டாங்க. டீ குடிக்கிறியா? வேணாமா? சும்மா குடி. சரி, மூணு தடவ வேணாம்னு சொல்லிட்ட, மரியாத முடிஞ்சுது, இப்ப வாங்கிக்க. சர்க்கரைக் கட்டி அந்த டப்பால இருக்கு.

தெஹ்ரான்லருந்து தனியாவா வந்த? வீட்ல எப்பிடி விட்டாங்க? ஓ, விடல, நீயா வந்துட்ட. லீசா புத்தகத்தப் படிச்சுட்டு வந்த தைரியமாக்கும். நீ ஒருத்தி மட்டும்னு நெனைக்காத. போன மாசம் அவ நாட்லருந்து ரெண்டு பேரு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. எதுக்கு அழறாங்கன்னு எனக்கும் தெரியல, அவங்களுக்கும் சொல்லத் தெரியல. டீயக் குடுத்து அனுப்பி வச்சேன்.

எது வரைக்கும் படிச்சிருக்க? நாற்காலி அத்தியாயமா? ஆமா, அது நல்லாருக்கும். என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன் கேளு. லீசா வந்த மொத வாரம் இந்த எடத்துல நாற்காலிய விட்டு எறங்கத் தெரியாம நாப்பது தடவ விழுந்திருப்பா. நான் என்ன சொன்னேன்? எந்திரிம்மா, எந்திரிச்சு ஓடு, அடுத்த நாற்காலி வந்து மண்டையில அடிக்கும்னேன். அவ என்ன எழுதியிருக்கா? வாழ்க்கை அடுத்த நாற்காலிய அனுப்பிக்கிட்டே இருக்கும், நீ எழுந்து நில்லுன்னு மலைக்கிழவர் சொன்னாராம். முட்டிய மடக்கு, இல்லன்னா ஒடஞ்சுரும்னேன். வளையத் தெரிஞ்சவன் ஒடைய மாட்டான்னு எழுதிட்டா. கிழவராம். அப்ப எனக்கு நாப்பத்தெட்டு.

சிரிக்கிற. நானும் சிரிச்சேன் மொதல்ல.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல பொண்ணுதான். முப்பத்தஞ்சு வயசிருக்கும். அவ நாடு ரொட்டிக்கல்லு மாதிரி தட்டையாம், மேடுன்னு ஒண்ணே கெடையாதாம். வேலைய விட்டுட்டா, புருஷன விட்டுட்டா, ஒரு பலகைய வாங்கிக்கிட்டு இங்க வந்து எறங்கிட்டா. பனி விழ ஆரம்பிச்சப்ப வந்தவ, நவ்ரூஸ் புத்தாண்டு கழிஞ்சுதான் போனா. தங்குனது எங்க அண்ணி தாவூஸ் வீட்ல. அத நீயே படிச்சிருப்ப. மொத மாசம் பூரா விழுறதும் அழறதுமாவே இருந்தா. எதுக்கு இம்புட்டுப் பாடுன்னு கேட்டா, என்னையே தேடறேன்னுவா. பனிக்குள்ளயான்னு கேட்டுச் சிரிப்போம். ஆனா விடல பாரு. மாசி முடியறதுக்குள்ள ரெண்டாவது லிஃப்ட்ல ஏறிப் போய், உச்சிலருந்து ஒத்தையா, நூல் புடிச்ச மாதிரி வந்தா. நான் இங்கருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என் பொண்ணு மாதிரி சந்தோஷப்பட்டேன். அதுக்குத்தான் வயிறு எரியுது இப்ப.

நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாம்மா.

சொல்றேன், அவசரப்படாத. கொடிய எறக்க இன்னும் நேரம் இருக்கு.

எங்க அண்ணன் பையன் ஒருத்தன் இருந்தான், பெஹ்ராங். பத்தொம்பது வயசு. இந்த ஊர்ல பலகைய அவன மாதிரி ஓட்ட ஆளில்ல. ஏழு வருஷத்துக்கு முன்னாடி, இதே மாதிரி கொடி ஏத்துன நாள். லிஃப்ட் நிறுத்தியாச்சு. பலகைய முதுகுல கட்டிக்கிட்டு, வடக்குப் பக்கத்து விளிம்பு வழியா நடந்தே உச்சிக்குப் போயிருக்கான். பனி மொத்தமா சரிஞ்சு வந்துச்சு. ரெண்டு நாள் தோண்டுனோம். மூணாம் நாள்தான் எடுத்தோம். ஊருக்கே தெரியும் இந்தக் கதை. அடுத்த வருஷமே அண்ணனும் போய்ச் சேந்துட்டாரு. அண்ணி அதுக்கப்புறம் மலைப் பக்கம் முகத்தத் திருப்புனதே இல்ல. அவ வீட்டு வாசல் கூட மலைக்கு முதுகு காட்டித்தான் இருக்கும், பின்பக்கத்து ஜன்னல ஆணி அடிச்சு மூடிட்டா. ஆனா பையனோட ரூம வாடகைக்கு விட ஆரம்பிச்சா. வீட்ல மூச்சுச் சத்தம் வேணும் ஹெஷ்மத், யாருதா இருந்தா என்னன்னா. லீசா படுத்ததும் அந்தக் கட்டில்லதான்.

உனக்கு ஒண்ணு சொல்லணும். எங்க ஊர்ல ஒரு பேச்சு உண்டு, சிவப்புக் கொடி பட்டணத்தாருக்குத்தான்னு. கோவிச்சுக்காத. வியாழன் வெள்ளி லீவுக்கு உங்க ஊர்லருந்து காரு காரா வந்து எறங்குவாங்க, பனியப் பாத்தா குழந்தை மாதிரி ஆயிருவாங்க, அவங்களுக்காக ஏத்தற கொடி அதுன்னு சின்ன வயசுலருந்தே சொல்லிச் சொல்லி வளந்துட்டோம். எங்கப்பா சொன்னாரு, நான் சொன்னேன், எங்க பசங்க சொன்னாங்க. மலை நம்ம வீட்டு ஆளு, நம்மள என்ன செய்யும்னு ஒரு திமிரு. பனிக்கு எந்த ஊர்க்காரன்னு எங்க தெரியுது.

லீசா விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாள் புயல். கீழ லிஃப்டும் நின்னுபோச்சு. நானும் அவளும் இந்த அடுப்புக்கு ரெண்டு பக்கமும் ஆறு மணி நேரம். நம்ம பார்சி பாஷைய அவ நாலு வயசுக் குழந்தை மாதிரி பேசுவா. அவங்கம்மா ஆஸ்பத்திரில சாகறப்ப இவ செல்போன அணைச்சு வச்சுட்டு எங்கயோ கூத்தடிச்சுக்கிட்டு இருந்தாளாம். யார்ட்டயும் சொன்னதில்லன்னு சொல்லி அழுதா. அழுதுட்டு, ஹெஷ்மத், உன் நெஞ்சுக்குள்ளயும் ஒண்ணு இருக்கு, சொல்லிருன்னா. நான் சொல்லிட்டேன். எப்பிடிச் சொன்னேன்னு இன்னைக்கும் புரியல. முந்நூறு வார்த்தைக்கு மேல தெரியாதவகிட்டப் பொய் சொல்ல முடியாதும்மா. பொய்க்கு நெறைய வார்த்தை வேணும். உண்மைக்கு அந்த முந்நூறு போதும். பொண்டாட்டிகிட்டச் சொல்லல, தொழுகையில கூட முணுமுணுக்கல, வெளிநாட்டுக்காரி, நாளைக்கு ஊருக்குப் போறவ, அவகிட்டச் சொன்னேன். கெணத்துல போட்ட கல்லா நெனச்சேன். அவளும் நெஞ்சுல கை வச்சு, இந்த அறைய விட்டு வெளிய போகாதுன்னு சொன்னா.

ஒம்பதாவது அத்தியாயம். தலைப்பு மன்னிப்பு. அதுக்கு மேல என் போட்டோ.

புத்தகம் தபால்ல வந்தப்ப ஊரே கொண்டாடுச்சு. டீக்கடைக்காரன் வாங்கி, என் போட்டோ இருக்கிற பக்கத்த விரிச்சு மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சுட்டான். ஆளுக்காளு வந்து பாத்துட்டு என் முதுகுல தட்டுனாங்க. அண்ணி இனிப்பு செஞ்சு தெரு பூரா குடுத்தா, எங்க ஹெஷ்மத் புத்தகத்துல வந்துட்டான்னு. ஆனா அது அவ ஊர்ப் பாஷை டச்சுல இருந்துச்சு, ஒருத்தருக்கும் டச்சு தெரியாது. எனக்கும் தெரியாது. போன குளிர்ல பெல்ஜியத்துலருந்து ஒரு பெரியவரு வந்தாரு, அங்கயும் டச்சு பேசுவாங்களாம். படிச்சுச் சொல்லுங்கய்யான்னு எல்லாரும் சூழ்ந்துக்கிட்டாங்க. அவரு குனிஞ்சு படிச்சாரு. பாதியில நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. அந்தப் பார்வையிலயே அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச இங்கிலீஷ்ல எனக்கு மட்டும் மெதுவா சொன்னாரு. என்ன சொல்றாரு என்ன சொல்றாருன்னு பசங்க குடையறாங்க. ஹெஷ்மத் டீ நல்லாப் போடுவான்னு எழுதியிருக்காம்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

லீசாவுக்குப் போன் போட்டேன். ஏம்மா இப்பிடிப் பண்ணினன்னு கேட்டேன். அது உன் கதை மட்டும் இல்ல ஹெஷ்மத், என் கதையும்தான், நான் வளந்ததே அந்த நாள்லதான்னா. வளந்தாளாம். என் தலை மேல ஏறி நின்னுக்கிட்டு வளந்துட்டேன்னா, அதுக்குப் பேரு வளர்ச்சியா? உன்ன நான் மன்னிச்சுட்டேன், அதையும் எழுதியிருக்கேன்னா. நீ யாருடி மன்னிக்கன்னு கத்திட்டேன். அவளுக்குப் புரிஞ்சுதோ என்னமோ. கடைசியா, உங்க ஊர்ல யாரு டச்சு படிக்கப் போறாங்கன்னு கேட்டா. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டுத்தான் ஒரு வருஷமா டீக்கடைக்குப் போய் அந்தக் கண்ணாடி முன்னாடி உக்காந்து டீ குடிக்கிறேன்.

ஆமா, நீ எங்க படிச்ச டச்சு? காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா?

பார்சிலயா? நம்ம பாஷையிலயே போட்டுட்டாங்களா?

எப்ப வந்துச்சு? மூணு வாரமாவா. தெஹ்ரான்ல கடைகடையா இருக்கா. அவ எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா. ஒரு வார்த்தை.

எங்க, காட்டு. பையில இல்லியா? எங்க வச்சிருக்க?

நீலக் கதவு வீட்லயா, எங்க அண்ணி வீட்ல. லீசா இருந்த அதே ரூம் வேணும்னு கேட்டு வாங்குனியா. ம். தப்பில்ல, புத்தகத்தப் படிச்சா அங்க தங்கத்தான் தோணும். சரி, ரூம்லதான இருக்கு? பை உள்ளதான வச்ச?

அண்ணி கேட்டாளா. எங்க ஹெஷ்மத் போட்டோ இருக்காமே, நம்ம எழுத்துலயே வந்துருச்சா, குடு, நீ மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் பாக்கறேன்னு கேட்டாளா. நீயும் குடுத்துட்ட. உன்ன என்ன சொல்றது. எத்தன மணிக்குக் குடுத்த? எட்டுக்கு. இப்ப மணி பதினொண்ணு அடிக்கப் போகுது. அவ எழுத்துக்கூட்டித்தான் படிப்பா, முதியோர் வகுப்புல படிச்ச படிப்பு. முழுப் புத்தகத்துக்கு ஒரு மாசம் ஆகும். ஆனா மொதல்லருந்து ஏன் படிக்கப் போறா? போட்டோ இருக்கிற பக்கத்தத்தான தெறப்பா.

உக்காரு, உக்காரு. நீ ஒண்ணும் பண்ணல. உனக்கு எப்பிடித் தெரியும்.

இரு, போன் அடிக்குது. கீழ லிஃப்ட்லருந்துதான். சொல்லு யதுல்லா. ஆமா, காத்து கொஞ்சம் இருக்கு, ஓட்டலாம். யாரு? தெளிவாச் சொல்லு. எப்ப ஏறுனா? தனியாவா? நீ ஒண்ணும் கேக்கலியா? கேட்டும் ஏறிட்டாளா. சரி. இல்ல இல்ல, நிறுத்தாத. வரட்டும். நான் பாத்துக்கறேன்.

அண்ணி வர்றாம்மா. ஏழு வருஷமா இந்த மலையப் பாக்காதவ, வீட்டுச் செருப்போட நாற்காலில ஏறி உக்காந்துட்டாளாம். கையில புத்தகமாம். பன்னெண்டு நிமிஷம் ஆகும் மேல வர.

இந்தச் சிவப்புப் பொத்தான அமுக்குனா நடு வழியில நின்னுரும். காத்து அடிக்குதுன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. அரை மணி நேரம் கிடைக்கும். அரை மணி நேரத்துல நான் என்னத்தப் புதுசா யோசிக்கப் போறேன், ஏழு வருஷம் யோசிக்காதத.

அவகிட்ட ஒரு தடவ சொல்லிரலாம்னு போனேன், அண்ணன் செத்த நாப்பதாம் நாள். நான் வாயத் தெறக்கறதுக்குள்ள, நீயாவது எனக்கு மிச்சம் இருக்கியே தம்பின்னு சொல்லிட்டா. அப்பிடியே திரும்பி வந்துட்டேன். லீசா துரோகம் பண்ணிட்டா, பண்ணிட்டான்னு ஒரு வருஷமா பொலம்பறேன். அவ பண்ணது துரோகந்தான், அதுல மாத்தமில்ல. ஆனா இப்ப அந்த நாற்காலில வர்றவ யாரப் பாக்க வர்றா? லீசாவ இல்லியே.

என்ன சொன்னேன்னு கேக்கறியா, லீசாகிட்ட? பெரிசா ஒண்ணும் இல்லம்மா. அன்னைக்குப் பெஹ்ராங் நடந்து போகல. அந்த விளிம்பு வழியா நடந்தான்னு ஊருக்குச் சொன்னது நான். சித்தப்பா, ஒரே ஒரு தடவ, கொடி பட்டணத்தாருக்குத்தானன்னு வந்து நின்னான். நானும் சிரிச்சுக்கிட்டே போய் ரெண்டாவது லிஃப்ட் எஞ்சினப் போட்டேன். ஒரே ஒரு நாற்காலி அனுப்பிட்டு அணைச்சுட்டேன்.

அந்தா தெரியுது பாரு, கறுப்பு முக்காடு, மூணாவது தூண்கிட்ட. பழக்கமில்லாதவங்க எறங்கறப்ப வேகத்தக் குறைக்கணும், இல்லன்னா தடுக்கி விழுந்துருவாங்க. நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா, நான் போய் அவ கையப் புடிச்சு எறக்கி விடறேன்.