ரெண்டரை மில்லிப் படி

— போன வெச்சுராத மாரிசெல்வி, செத்த கேளு. கம்ப்யூட்டர் லேத் மெஷின் மறுபடியும் செவப்பு லைட்டப் போட்டு நின்னுட்டு.

— ஜெபக்குமார் அண்ணாச்சி, என்னைய வேலைய விட்டு அனுப்பி ஏழு மாசமாச்சு. மெஷின் நின்னா சூப்பர்வைசர் நீங்க பாக்கணும். எனக்கென்ன?

— காலையில இருந்து மல்லுக்கட்டுதேன் தாயி. மில்லுக்குப் போற அதே குமிழ்தான். கையால திருகுவாகள்லா, அது. ஓரத்த உருட்டவே மாட்டேங்கு.

— சாப்பாட்டு நேரம் எனக்கு இருபது நிமிஷம். புரோகிராம்ல அது நிக்குற வரிய வாசிங்க.

— ஜி ஒண்ணு, எக்ஸ் நாப்பது, ஆர் மூணு.

— ஆருக்கு முன்ன கமா எங்க?

— கமாவா?

— எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்! கமா இருந்தாத்தான் மூலையப் பத்திப் பேசுதோம்னு அந்த மெஷினுக்குத் தெரியும். கமா போட்டு ஆர்-னா மூலைய உருட்டும், சி-ன்னா சரிவா வெட்டும்.

— போட்டுட்டேன். ஏசப்பா... திரும்பவும் நின்னுட்டு!

— திரையில என்ன போட்டிருக்கு?

— நகர்ற தூரம் பத்தலையாம். ஆர் மூணத் தூக்கிட்டு சி ஒண்ணு போட்டு ஓட்டிருன்னு இங்க சொல்லுதாக.

— சொல்லுறவுகள ஒரு வெரல வச்சு அழுத்திப் பாக்கச் சொல்லுங்க. சரிவா வெட்டுனா ஒரு முனை போயி ரெண்டு முனை வரும். கைபடுற எடம் அண்ணாச்சி. போன தடவ மில்லுல அதத் திருகுன சுடலைமாடத்தி அக்கா வெரல் கிழிஞ்சு ஆறு தையல் போட்டது மறந்து போச்சா?

— மறக்கல.

— நான் ஆர் போட்டேன், போட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டுக் கத்துனேன். ஒருத்தர் காதுலயும் ஏறல. இன்னைக்கு சீவில்லிபுத்தூர் கொரியர் ஆபீஸ்ல பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுதேன். ராஜபாளையத்துல எந்தப் பட்டறை வாசல்ல போயி நின்னாலும், ‘வெரலக் கிழிச்ச பிள்ளையா’ங்காக.

— செரி, இப்ப என்ன செய்ய? அதச் சொல்லு.

— இப்பவும் ஒங்க காரியந்தான். அடுத்த வரிய வாசிங்க. உருட்டி முடிச்சு எம்புட்டு தூரம் போவுது?

— இசட் மைனஸ் ரெண்டரை.

— ரெண்டரையா? ரெண்டரை மில்லிப் படியில மூணு மில்லி வளைவு எப்படி உக்காரும்? அதான் நிக்கு. மில்லுல ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆர் மூண ரெண்டாக் கொறைங்க... நில்லுங்க. நான் எழுதும்போது அந்தப் படி நாலு மில்லில்லா?

— பொறவு டிராயிங் மாறுச்சு.

— எப்ப?

— ஆண்டாள் தேருக்கு நீ லீவு போட்டியே, அன்னைக்கு.

— ஏங்கிட்ட யாரும் மூச்சு விடலையே! அப்ப நாலை ரெண்டரையா மாத்துனது யாரு? மாத்துன ஒடனே இதே மாதிரி நின்னிருக்குமே?

— நாந்தான். நின்னுச்சு. எரநூறு குமிழ் சாயங்காலத்துக்குள்ள வண்டியேறணும். நீ போட்ட ஆர் மூண அழிச்சேன், ஓடிட்டு. இன்னைக்குத்தான் அதத் திரும்பப் போடப் பாத்தேன். ஓரத்தத் தடவிக்கூடப் பாக்கல. புரோகிராம்ல ஒம் பேரு இருந்துச்சா, எல்லாரும் ஒன்னையச் சொன்னாக. வேல போயிரும்னு நான் வாயத் தொறக்கல.

— ஏழு மாசம் அண்ணாச்சி! எங்கம்மாவே, ‘கவனமா இருந்திருக்கலாம்லா’ன்னு சொன்னா. நெசமாவே நான்தான் மறந்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. தெரியுமா ஒங்களுக்கு?

— தப்புதான் தாயி.

— தனியா ஏங்கிட்டச் சொல்லி மனச ஆத்திக்கிடாதிய. மொதலாளி சுப்புராஜ் மூஞ்சிக்கு நேரா இதச் சொல்லத் தெம்பு இருக்கா ஒங்களுக்கு?

— போன ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுதேன் மாரி. நீ எடுத்ததுல இருந்து அவரு ஏம் பக்கத்துலதான் நிக்காரு.