ஒன்பது அங்குலம்

குத்தாலத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாய்க்கால் கரையோடு காரில் வந்தால் இடுப்பு கழன்று கையில் வந்துவிடும், இன்ஸ்பெக்டர் சார். நீங்களே ஜீப்பில் வந்தீர்கள், தெரிந்திருக்கும். நெல் ஏற்றும் டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. என் மனைவி மங்களாம்பிகைக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்கள் அம்பாசடர் காரின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டுக் காற்றுப்பை வைக்கலாம் என்று யோசித்தது அவளுக்காகத்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மஸ்கட்டில் பதினோரு வருஷம் ஒர்க் ஷாப்பில் இருந்தவன் நான். எதையும் நோட்டில் படம் போடாமல் தொட மாட்டேன். சென்னையில் பழைய இரும்புக் கடையில் சொகுசு பஸ்ஸிலிருந்து கழற்றிய இரண்டு பைகள், பஞ்சர் கடைக்காரர் ஒதுக்கிப் போட்ட கம்ப்ரசர், குழாய், ஒரு வால்வு. வால்வை ஒரு பக்கம் திருப்பினால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், மறுபக்கம் திருப்பினால் உட்காரும். வேறு சூட்சுமம் ஒன்றும் இல்லை.

அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. மல்லாந்து படுத்த ஆளின் நெஞ்சு உயரம் ஒன்பது அங்குலம் என்று பதினாறாம் பக்கத்தில் எதற்குக் குறித்தாய் என்று கேட்டீர்கள். அடியில் ஆள் படுத்து வேலை செய்ய வேண்டாமா சார்? யாராக இருந்தாலும் குறிப்பார்கள்.

நிலத்துக்கு வருகிறேன். அப்பா விட்டுப்போனது ஒரு வேலி நஞ்சை. காத்தான் என்பவர் அதைக் குத்தகைக்கு உழுதார். அரசாங்கப் பதிவேட்டில் குத்தகைதாரர் என்று அவர் பேரும் ஏறிவிட்டது. அவர் இறந்த பிறகு, அவருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்த மருதையன் உழுதான். ஊருக்குத் திரும்பி, என் நிலத்தை நானே உழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இது ஒரு குற்றமா? நாலு பேரை வைத்துப் பேசிப் பார்த்தேன். மருதையன் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் சொன்னான்.

"உசுரு இருக்கற வரைக்கும் உழுதுக்கறேங்க ஐயா. எனக்கென்ன, புள்ளையா குட்டியா? அதுக்கப்புறம் நீங்க பாத்துக்குங்க."

வழியைக் காட்டியது அவன்தான் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் அதுதான் உண்மை. கோட்டைக்கு எந்தக் கட்சி வந்தாலும் குத்தகைச் சட்டத்தில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். என் வயலின் வரப்பில் நான் விருந்தாளி மாதிரி நிற்க வேண்டும். வயிறு எரியாதா? பதிவேட்டின் நகலை வாங்கி வாருங்கள், வழக்குப் போடலாம் என்றார் வக்கீல். நான் வாங்கவில்லை. என் நிலத்தில் யார் நிற்கிறான் என்று எனக்குத் தெரியாதா?

மருதையனுக்கு பம்ப்செட், டிராக்டர் எல்லாம் அத்துப்படி. நிலத் தகராறு ஒரு பக்கம் இருந்தாலும் ஐயா வீட்டில் கூப்பிட்டால் வந்துவிடுவான். அவர்கள் பழக்கம் அப்படி. பையில் காற்று கசிகிறது, சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். காலை ஒன்பது மணிக்கு வந்தான். கூடவே அவன் பெண்டாட்டி ராமாயியும் வந்தாள், தலையில் இரண்டு பனங்கட்டைகளோடு. வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்க அவள் வீட்டுக் கட்டை. என் கட்டைமேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. மருதையன் இரண்டு பக்கமும் வைத்துக் காலால் உதைத்துப் பார்க்கும்வரை அவள் நகரவில்லை.

"இவரு உள்ள இருக்கறப்ப வண்டி எறங்கிடாதுங்களே?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எறங்காது ராமாயி. நீ களைபறிக்கப் போ."

வண்டி அச்சின்மேல் முழுசாக உட்கார்ந்துவிடாமல் தடுக்க ஒரு ரப்பர் கட்டை உண்டு. பைக்கு இடம் பற்றவில்லை என்று அதை முந்தின வாரமே அறுத்து எடுத்திருந்தேன். வண்டியைத் தாங்க மிச்சம் இருந்தது அவள் கொண்டுவந்த பனங்கட்டைதான். பாரம் இருக்கும்வரை கட்டை நகராது. வண்டியை நான்கு விரல்கடை தூக்கிவிட்டால் குழந்தைகூட இழுக்கலாம். அவள் போன பிறகு, மருதையன் அடியில் நுழைந்து மல்லாந்து படுத்ததும் வால்வைத் திருப்பினேன்.

"ஐயா, வண்டி ஏறுதுங்களே" என்றான் அடியிலிருந்து.

"பை நல்லா உப்புனாத்தான்டா ஓட்டை தெரியும்."

"ஆமாங்க, அதுஞ்சரிதான்."

முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியால் இழுத்தேன். வலப்பக்கக் கட்டை ஒரே இழுப்பில் வந்தது. இடப்பக்கத்துக்கு இரண்டு இழுப்பு. பிறகு வால்வை மறுபக்கம் திருப்பினேன். காற்று இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம்தான் கேட்டது. கட்டைகளைக் கொட்டகையில் அடுக்கிவிட்டு, முட்டுக் கொடுக்காமல் நுழைந்துவிட்டான் பாவி என்று கத்தினேன். அழுகைகூட வந்தது, சார். நடிப்பு இல்லை. மங்களாம்பிகை வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை. எங்கே போனாலும் டவுன் பஸ்தான்.

என் தப்பு, அவசரப்பட்டது. ஒன்பதாம் நாளே தாலுகா ஆபீசுக்குப் போய், குத்தகைதாரர் இறந்துவிட்டார், பேரை நீக்குங்கள் என்று மனுக் கொடுத்தேன். கருமாதிகூட ஆகலையே சார் என்று கிளார்க் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு தடவை படித்தார்.

"இது காத்தான் மக ராமாயி பேர்ல இருக்கு சார். அப்பன் போனதும் பொண்ணு பேருக்கு மாறியிருக்கு. அந்தம்மா உசுரோடதான இருக்காங்க?"

பொம்பளை பேரில் பதிவு இருக்கும் என்று எங்கள் பக்கம் யாரும் நினைக்க மாட்டார்கள். மருதையன் வயல், மருதையன் வயல் என்றுதான் ஊரே சொல்லும். நான் மனுக் கொடுத்த சேதியை அந்தக் கிளார்க் ராமாயி காதில் போட்டுவிட்டார். மறுநாளே அவள் உங்களிடம் வந்து, கட்டை வைத்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதுங்கள். மருதையன்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. நல்ல உழைப்பாளி, எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் நியாயம் பார்க்கிறவன், சார். அந்த நகலை மட்டும் முன்னாலேயே வாங்கியிருந்தால் மருதையனைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். ராமாயியைத்தான் கூப்பிட்டிருப்பேன்.