வெள்ளைத் தகடுகள்

காப்பி மட்டும் சூடாக இருக்க வேண்டும், மேஜர். மற்றபடி நான் பிடிவாதக்காரன் இல்லை. என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தெற்கு இத்தாலியில், மத்தேராவில் என் அப்பா கழுதைகளுக்கு லாடம் அடித்தவர். மொடேனா ராணுவப் பள்ளியில் என்னை 'லாடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். லிபியாவில் காய்ச்சலோடு படை நடத்தினேன். பதக்கம் ஒரு கோமகனின் மருமகனுக்குப் போனது. என்னிடம் பாடம் கேட்டவர்கள் எனக்கே மேலதிகாரிகள் ஆனார்கள். தலை நரைத்த பிறகுதான் ஒரு டிவிஷன் கொடுத்தார்கள். அதுவும் கார்சோவில், புல் முளைக்காத பாறையில். எதிரே ஆஸ்திரியர்கள் கையில் ஒரு மொட்டைக் குன்று. அதைப் பிடித்தால் பெரும்படைத் தலைமை எனக்கு என்று பேச்சு.

நம் காலாட்கள் முதுகில் வெள்ளைத் தகடு கட்டிக்கொண்டு ஏறுவார்கள், தெரியும்தானே. பின்னாலிருக்கும் நம் பீரங்கிக்காரர்கள் அதைப் பார்த்து அவர்கள் மேல் குண்டு போடாமல் இருக்க. அன்று மதியம் பைனாகுலரில் பார்த்தேன். உச்சியில் வரிசையாக வெள்ளைத் தகடுகள். குன்றைப் பிடித்துவிட்டோம் என்று மேலிடத்துக்குத் தந்தி கொடுத்தேன். சாயங்காலச் செய்திக்குறிப்பில் என் பெயர் வந்தது. முதல்முறையாக.

பிறகு, தாக்குதலுக்குப் போயிருந்த கேப்டன் பெர்லாஸ்கா குன்றிலிருந்து இறங்கி வந்தார். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

"குன்று எங்க நம்மகிட்ட இருக்கு, ஜெனரல்? நீங்க பாத்தது முள்கம்பியில தொங்குற பொணங்களோட முதுகு. பீரங்கிய விட்டு அடிக்கச் சொல்லுங்க. கம்பி அறுந்தாத்தான் ஏற முடியும்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் நம்முடையது என்று அறிவித்த குன்றை நம் பீரங்கியே அடிக்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது? மேலிடம் ஏன் என்று கேட்கும். நான் திரும்பவும் லாடம் ஆகிவிடுவேன்.

பீரங்கி இல்லாமலே ஏறச் சொன்னேன். ஏறினார்கள். மறுநாள் இன்னொரு பட்டாளம். உச்சியில் தகடுகள் கூடிக்கொண்டே போயின. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் குன்று மேலும் மேலும் நம்முடையதாகத் தெரிந்தது.

அடுத்த முறை பெர்லாஸ்கா தன் ஆட்களைப் பதுங்குகுழியிலேயே உட்கார வைத்துவிட்டார்.

"மேல இருக்கறது நம்ம ஆளுங்கதானே ஜெனரல்? அப்ப நீங்களே முன்னாடி போங்க. சூடா காப்பி போட்டு வச்சிருப்பாங்க."

ஆட்கள் சிரித்தார்கள். மொடேனாவில் கேட்ட அதே சிரிப்பு.

எதிரியின் முன் கீழ்ப்படியாமை. சட்டம் தெளிவாக இருக்கிறது. பெர்லாஸ்காவைக் கல்சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார வைத்தோம். கோழைகளை முதுகில் சுடுவதுதான் வழக்கம். அவர் தகட்டைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. குறிபார்க்க வசதியாக இருந்தது.

அதன்பின் எல்லோரும் ஏறினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆமாம், குன்று நம்முடையதில்லை என்று தெரிந்தேதான் அனுப்பினேன். உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள், மேஜர். சொன்னதை மெய்யாக்கத்தான் பார்த்தேன். ஆட்கள் போதவில்லை.