ஒரே ஒரு இலை

— பொய் சொல்லாத தமிழ்வாணி. அந்தக் கதையை எழுதுனது நீதான்.

— ஆத்தி! எந்தக் கதையைடி?

— ஜெயக்கொடி மேடம் இன்னிக்கு வகுப்புல ஜெராக்ஸ் குடுத்தாங்களே, எழுதுனவங்க பேரே போடாம. அதைத்தான் சொல்றேன்.

— ஒத்தக்கடை ஸ்டாப்புல நின்னு கத்தாத வித்யாஸ்ரீ, அம்புட்டுப் பேரும் பாக்குறாக. கையைக் குடு, எஸ்டிடி பூத் நெழலுக்கு வா. அது ஏதோ பழைய புத்தகத்துல இருந்து எடுத்ததாம்டி. எழுதுனது யாருன்னு தெரிஞ்சா ஆளைப் பாத்துத்தான் நியாயம் பேசுவோம்னு பேரை மறைச்சுட்டாக. அம்புட்டுத்தான்.

— போன வருஷம் காலேஜ் மலர்ல எழுதுனது யாரு? நானா?

— நான் எழுதுனது மழையைப் பத்திக் கவிதை. இந்தக் கதையில வாரது கடக்கரை ஊரு. சாப்புட வாரது பாய் வீட்டுப் புள்ள. கொட்டாம்பட்டிக்காரி நான், கடலைக் கண்ணால கண்டதில்ல.

— அதான் உன் கெட்டிக்காரத்தனம். ஊரை மாத்திட்ட, மதத்தை மாத்திட்ட. யாரும் கண்டுபிடிக்க முடியாதுன்னு நெனச்சிட்ட.

— எதைடி கண்டுபிடிக்கிறது?

— சும்மா நடிக்காத. வகுப்புல எந்திரிச்சு என்ன சொன்ன? "அந்த அம்மாவைவிட மக மேலதான் தப்பு. எல்லாம் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தா"ன்னு. சொல்லும்போது என்னைத்தான் பார்த்த.

— பக்கத்துல உக்காந்திருந்த, பாத்தேன். ஒன் மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. வவுத்து வலியோன்னு நெனச்சேன்.

— பாத்தியா, உடனே பேச்சை மாத்தற. அதோ மேலூர் பஸ் வருது. ஏறித் தப்பிச்சுரலாம்னு பார்க்காத.

— போகட்டும், அடுத்த வண்டியில போறேன். வெவரமாச் சொல்லு. அந்தக் கதைக்கும் ஒனக்கும் என்ன?

— எனக்கில்ல, எங்க வீட்டுக்கு! கதையில எல்லாருக்கும் எவர்சில்வர் தட்டு, வந்த பொண்ணுக்கு மட்டும் வாழை இலை. தை மாசம் எங்க வீட்டுக்கு நீ சாப்பிட வந்தியே, அன்னிக்கு என்ன நடந்துச்சு?

— எலை போட்டாக.

— யாருக்கு?

— எனக்கு. நீங்க எல்லாம் தட்டுல சாப்புட்டீக. அதுக்கென்ன இப்ப?

— கதையில அந்த அம்மா மகனை அனுப்பி ஒரே ஒரு இலை வாங்கிட்டு வரச் சொல்றாங்க. எங்கம்மா என் தம்பி சாய்குமாரை அனுப்புனாங்க. இது எங்க வீடு இல்லாம வேற யார் வீடாம்?

— விருந்து வந்தா கடைக்கு ஓடுறது எல்லா வீட்டுலயும் தம்பிமாருதான்டி. இதுக்கா இம்புட்டு ஆட்டம் ஆடுற?

— சரி, இதுக்குப் பதில் சொல்லு. "நம்ம தட்டுல போட்டா, அப்புறம் அந்தத் தட்டை என்ன பண்றது?"ன்னு கதையில வருதே. எங்கம்மா தம்பிகிட்ட அதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. சௌராஷ்டிரத்துல சொன்னாங்க. உனக்குப் புரியாதுன்னுதான் உன் எதிர்லயே சொன்னாங்க. எங்க பாஷையை நீ எப்ப கத்துக்கிட்ட? எத்தனை நாளா ஒட்டுக் கேக்கற? சொல்லுடி!

— அம்மா அப்படியா சொன்னாக?

— தெரியாத மாதிரி கேக்காத!

— காலனிப் புள்ளைன்னும் சொன்னாகளா?

— தமிழ்வாணி…

— சொன்னாகளான்னு கேட்டேன்.

— சொன்னாங்க. நீ எதிர்ல உக்காந்திருந்த, அப்ப நான் என்னதான் பண்றது? அம்மாகூடச் சண்டை போடவா? ஐயோ, என் கையை விடாத. நெசமாவே நீ எழுதலயா?

— எனக்கு ஒங்க பாஷையில ஒரு வார்த்தை தெரியாது. தெரியாமத்தான அன்னைக்கு ஒன்கிட்ட கேட்டேன், அம்மா என்ன சொல்றாகன்னு? "விருந்தாளிக்கு இலையிலதான் போடணுமாம்"னு சிரிச்சுக்கிட்டே சொன்ன. நானும் வீட்டுல போயி அப்படியே சொன்னேன். மதுரையில பெரிய வீட்டுல தன் மகளுக்கு எலை போட்டுப் பரிமாறுனாகன்னு, எங்கம்மா இன்னும் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது.