பன்னிரண்டுக்கு மேல்

ஹலோ… ஆமா, ஆத்துல தண்ணி அளக்குறவர் வீடுதான்… அவர் சம்சாரம் பேசுறேன்… ம்… ம்… சரி சார். அவர் போய் இருபது நாள் கழிச்சாவது ஆறுதல் சொல்லணும்னு தோணுச்சே. யாரு பேசுறது?

… வெள்ளக் கணக்குப் போடுற சாரா? அட, நீங்களா! ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டு நாற்காலியில உக்காந்து, “தண்ணி பதினொரு மீட்டர்னு எழுதியிருக்கீங்களேம்மா, ஏழா இருக்கும், கை தவறியிருக்கும்”னு சிரிச்சீங்களே, அவர்தானே?… ஆமா ஆமா, அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், நான்தான் பாத்து நோட்டுல எழுதுவேன். அதுக்காக, ஏழும் பதினொண்ணும் தெரியாதவளா சார் நான்?

… தெரியும், சொன்னீங்க. முப்பது வருஷக் கணக்குல ஒரே ஒரு நாள் அப்படித் துருத்திக்கிட்டு நின்னா வரைபடத்துல கோடு கெட்டுப்போகும். அந்த நாளையே அடிச்சுட்டீங்க. கோடு அழகா வந்துச்சு. அந்த மாதிரி வெள்ளம் ஆயிரம் வருஷத்துக்கு ஒருதடவதான்னு அறிக்கை குடுத்தீங்க. அத நம்பிக் கரையோரமா வரிசையா வீடு கட்டினாங்க. இப்ப அதவிடப் பெருசா வந்துடுச்சே, ஆயிரம் வருஷம் அதுக்குள்ள ஓடிடுச்சா சார்? எனக்கு இன்னும் தல முழுசா நரைக்கல.

… இருங்க, குறுக்க பேசாதீங்க. அப்புறம் ஒரு விதி போட்டீங்க. தண்ணி எட்டு மீட்டருக்கு மேல போனா அளவுகோலோட போட்டோ வேணும்னு. பாலத்து மேலேருந்து எடுத்து அனுப்பினா, மங்கல், செல்லாதுன்னு ரெண்டு தடவ திருப்பினீங்க. கிட்டப் போய் எடுக்கணும்னா ஆத்துப் படியிறங்கணும். இந்த வெள்ளத்தன்னிக்குப் போகாதீங்கன்னுதான் சொன்னேன். “இந்தத் தடவ உன் கையெழுத்த எவனும் குத்தம் சொல்லக் கூடாது”ன்னு செருப்ப மாட்டிக்கிட்டுப் போனார்.

… என்னது?… ஓ. அவர் எடுத்த போட்டோவுக்காகத்தான் போன் பண்ணீங்களா… ஆமா, வந்துச்சு. உங்க ஆபீசுக்குப் போகலன்னு எனக்கு அனுப்பியிருந்தார். காலையில ஆறு பன்னெண்டுக்கு. அதுக்கப்புறம் அவர்கிட்டேருந்து ஒண்ணும் வரல.

… அனுப்புறேன், இருங்க… வந்துச்சா?… நல்லாப் பாருங்க.

… ஆமா, அளவுகோல் தெரியாது. பன்னெண்டு மீட்டர் கோல் சார் அது. முழுகிப்போச்சு. இல்லாத கோலைத் தேடி மனுஷன் ஒவ்வொரு படியா இறங்கியிருக்கார்.

… ம்… ம்… எண் தெரியாததால சேக்க முடியாது. சரி. பன்னெண்டுக்கு மேலன்னு போட்டா என்ன?… மேலன்னா எவ்வளவு மேலன்னு கேப்பாங்களா? போய்க் கேக்கச் சொல்லுங்க, ஆத்துகிட்ட.

… இல்ல சார், நான் அழல. நோட்டு இங்க மேசை மேலதான் இருக்கு. அந்தத் தேதிக்கு எதிர்ல எழுதிட்டேன். பன்னெண்டுக்கு மேல. என் கையெழுத்துதான். அடிக்கணும்னா நேர்ல வந்து அடிங்க. அதே நாற்காலிதான் கிடக்கு.

… வச்சுடுறேன்.